பாட்டிலில் வளர்ந்தால் மட்டும் வைரஸ் போய்விடாது

பெங்களூரில், வாழைக் குருத்தைப் பாட்டிலில் வளர்த்துக் கன்றுகளாகப் பெருக்கும் திசு வளர்ப்பு லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஓசூர், தளி பக்கமிருந்து கன்று வாங்க வரும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "திசு வாழைதானே சார், வைரஸ் இருக்காதில்ல?" என்பதுதான். இருக்கலாம். நூற்புழுவும் கிழங்குக் கூன்வண்டும் திசு வளர்ப்பில் கழிந்துவிடும். வைரஸோ திசுவுக்குள்ளேயே இருந்து, குருத்து பெருகப் பெருகத் தானும் பெருகும். குருத்து எடுக்கும் தாய்மரம் ஒன்று கெட்டிருந்தால் அதிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான கன்றுகளும் பெரும்பாலும் கெட்டவைதான்.

தார் பெரிதாக இருக்கிறதே என்று உடனே அந்த மரத்தின் கன்றை லேபுக்குத் தோண்டிக்கொண்டு வருவதுதான் பெரிய தவறு. வைரஸால் வரும் முடிக்கொத்து நோய் முற்றினால் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும். அது யாருக்கும் தெரியும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். இலைக்காம்பில் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சை விரலால் தேய்த்துவிட்டு உற்றுப் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தந்திக் குறி போல ஓடினால் அந்த மரம் வேண்டாம். ஒன்றுமே தெரியாத மரத்திலும் வைரஸ் இருக்கலாம் என்பதால், வைரஸைக் கண்டறியும் எலைசா அல்லது பி.சி.ஆர். என்ற லேப் சோதனை முடியாமல் குருத்தில் கை வைக்காதீர்கள்.

தாய்மரம் தேறிவிட்டது என்று கன்றுகளைச் சோதிக்காமல் விடுவதும் ஆபத்து. பூவன் போன்ற ரகங்களின் மரபணுவிலேயே கீற்று வைரஸ் என்ற இன்னொரு வாழை வைரஸ் பொதிந்திருக்கிறது. திசு வளர்ப்பின் அழுத்தத்தில் அது விழித்துக்கொள்வதுண்டு. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். மத்திய உயிரி தொழில்நுட்பத் துறை 2006 முதல் இதற்கென்றே சான்றளிப்பு முறை வைத்திருக்கிறது. கன்று வாங்கும்போது அந்தச் சான்று எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் பதப்படுத்தும் கூடம், அதாவது பாட்டிலிலிருந்து எடுத்த கன்றை வெளிச்சூழலுக்குப் பழக்கும் இடம். நிழல்வலை வெயிலைத்தான் தடுக்கும், வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி தாராளமாக உள்ளே வரும். பூச்சி புகாத நுண்வலை கட்டாயம். சுற்றுச்சுவர் ஓரமாக யாரோ வைத்த நாலு வாழை நின்றால் அதையும் பாருங்கள். எறும்பு சாரை சாரையாக ஏறினால், அடிமட்டையை விலக்கியதும் கரும்பழுப்பு அசுவினி கூட்டமாக ஒட்டியிருக்கும்.

தோட்டத்தில் இளங்கன்றுக்கு நடுவே வெள்ளரி, பூசணி போடாதீர்கள். வெள்ளரித் தேமல் வைரஸ் அங்கிருந்து தாவும். நோய் கண்ட மரத்தை அவசரப்பட்டு வெட்டினால் அசுவினி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் மருந்தடித்து அதைக் கொன்றுவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள்.