ஒகேனக்கல்லில் மறுபடியும் மணி 11: ஸ்க்ராட்சில் உங்கள் முதல் டைம் லூப் கேம்

காலப் பயணத்தை வைத்து வந்த கேம்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒன்று, யுகம் விட்டு யுகம் தாவுவது. 1995-இல் வந்த குரோனோ டிரிக்கர் இந்த வகை. ஆதிமனிதர் காலத்திலிருந்து பாழடைந்த எதிர்காலம் வரை போய்வரலாம். இன்னொன்று, ஒரே காலத்துண்டு திரும்பத் திரும்ப ஓடுவது. அதுதான் டைம் லூப். முதல் வகையைச் செய்ய ஒவ்வொரு யுகத்துக்கும் தனி ஊர், தனி மனிதர்கள், தனிப் படங்கள் வேண்டும். டைம் லூப்புக்கு ஓர் இடமும் மூன்று நான்கு பேரும் ஒரு மணி நேரமும் போதும். கேம் செய்யப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நாம் பயன்படுத்தப்போவது ஸ்க்ராட்ச். எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007-இல் வெளியானது, முழுக்க இலவசம். கோடு டைப் செய்ய வேண்டியதில்லை, பிளாக்குகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். பிரவுசரிலேயே ஓடும். நெட் விட்டுவிட்டு வரும் ஊராக இருந்தால் அதன் ஆஃப்லைன் ஆப்பை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாம் வைக்கும் வேரியபிள்களின் (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டிகளின்) பெயர்களையும் கதாபாத்திரங்களின் பேச்சையும் தமிழிலேயே எழுதலாம்.

படி 1: எது அழியும், எது மிஞ்சும்?

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘அழியும்’, வலப்பக்கம் ‘மிஞ்சும்’. டைம் லூப் கேமின் மொத்த வேலையும் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. நல்ல கேம்கள் ஒவ்வொன்றும் இந்தக் கோட்டை வேறு வேறு இடத்தில் போட்டிருக்கின்றன.

2000-இல் நின்டென்டோ 64-க்கு வந்த செல்டா வரிசைக் கேம் மஜோராஸ் மாஸ்க். மூன்றாம் நாள் முடிவில் நிலா ஊர்மேல் விழும். அதற்குள் ஒக்கரினா என்ற ஊதுகுழலில் ஒரு பாட்டை வாசித்து முதல் நாள் காலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பினால் கையிலிருக்கும் காசு, அம்பு, வெடிகுண்டு எல்லாம் போய்விடும். முகமூடிகள், வில் போன்ற முக்கியப் பொருட்கள் தங்கும். ஆனால் அந்த ஊரில் ஒரு பேங்க் இருக்கிறது. காசைப் போட்டால் பேங்க்காரர் உங்கள்மேல் ஒரு முத்திரை குத்துவார். காலம் பின்னால் போன பிறகும் அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, கணக்கில் இவ்வளவு இருக்கிறது என்று சொல்வார். தர்க்கம் பார்த்தால் நடக்காத காரியம். ஆனாலும் மூன்று நாள் சேர்த்த காசை இழந்து நிற்கும் ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! கோட்டை எங்கே போடுவது என்பதில் இரக்கமும் ஒரு பங்கு என்று எனக்குப் புரியவைத்தது அந்தப் பேங்க்தான்.

2018-இல் வந்த மினிட் என்ற கேமில் 60 விநாடிதான் ஆயுள். ஆனால் எடுத்த பொருட்கள் கூடவே இருக்கும். 2019-இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் மறுகோடி. 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். புது ஆயுதமும் கிடையாது, கூடுதல் சக்தியும் கிடையாது. நீங்கள் கண்டுபிடித்தவை விண்கலத்தின் குறிப்பேட்டில் மட்டும் மிஞ்சும். அதில் வளர்வது கதாநாயகன் இல்லை, ஆடுகிறவரின் அறிவு. நாமும் அந்த வழியில்தான் போகப்போகிறோம்.

படி 2: ஊரும் கதையும்

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் யோசிக்கவே வேண்டாம், ஒகேனக்கல் இருக்கிறது. டைம் லூப் கேமுக்கு ‘இதற்குமேல் நேரமில்லை’ என்று சொல்லும் ஏதாவது ஒன்று வேண்டும். மஜோராவில் நிலா, அவுட்டர் வைல்ட்ஸில் சூரியன், நமக்குக் காவிரி. கர்நாடகத்தில் மழை பெய்து கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தால், எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தி வரும். கூடிக்கொண்டே போனால் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். கற்பனையே தேவையில்லாத கடிகாரம் இது.

கதை இதுதான். பாலக்கோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த கயல் காலை 11 மணிக்கு ஒகேனக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். பார்த்தால் தம்பி முத்துவைக் காணோம். அவன் 11.40-க்குப் பரிசல் ஏறி மணல்திட்டுக்குப் போய்விடுவான். 11.45-க்கு மைக்கில் அறிவிப்பு வரும்: “பிலிகுண்டுலுவில் நீர்வரத்து 32,000 கன அடி, பரிசல்கள் கரை திரும்பவும்.” 12 மணிக்குப் படித்துறை முழுகும், திரை வெளுக்கும், கயல் மறுபடியும் பஸ்ஸை விட்டு இறங்குவாள்.

தடுப்பது எப்படி? மீன் வறுக்கும் அக்கா 11.10 முதல் 11.25 வரைதான் கடையில் இருப்பார். அவரிடம் கேட்டால் சொல்வார்: “செவப்புச் சட்டை போட்ட பையனா? இப்பதான் ஒரு துண்டு வாங்கித் தின்னுட்டுப் போனான் கண்ணு. மணல்திட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டான். பரிசல் ஓட்டுற சின்னசாமி அண்ணனக் கேளுன்னேன்.” சின்னசாமியிடம் போய்ப் பெயர் சொல்லிப் பேசினால்தான் அவர் காது கொடுப்பார். வெள்ளம் வருகிறது என்றால், “காலையில பாத்தேன் பாப்பா, தண்ணி கம்மியாத்தான் இருக்கு. உனக்கு யாரு சொன்னா? எத்தன கன அடியாம்?” என்று கேட்பார்.

அந்த எண்ணை 11.38-க்கு முன் துறையில் யாரும் சொல்ல முடியாது, போன சுற்றில் மைக்கைக் கேட்டவரைத் தவிர. அதை அவரிடம் முன்கூட்டியே சொன்னால் சிரிப்பார். 11.38-க்குப் பிலிகுண்டுலுவிலிருந்து அவருடைய மச்சான் போன் செய்வார். அதே எண். சின்னசாமி கயலைப் பார்ப்பார், துடுப்பைக் கீழே வைப்பார். பரிசல் போகாது.

படி 3: நான்கு வேரியபிள்கள்

ஆரஞ்சு நிற வேரியபிள் பகுதியில் நான்கு பெயர்களை உருவாக்குங்கள்: நிமிடம், நிறுத்தம், பெயர்_தெரியும், நம்பினார். இப்போது தாளைப் பாருங்கள். நிமிடம், நிறுத்தம், நம்பினார் மூன்றும் ‘அழியும்’ பக்கம், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் சின்னசாமி கயலை முதல்முறையாகத்தான் பார்க்கிறார். பெயர்_தெரியும் மட்டும் ‘மிஞ்சும்’ பக்கம். அது கயலின் நினைவு.

32000 என்ற எண்ணுக்கு ஏன் வேரியபிள் இல்லை? அதை நினைவில் வைத்திருக்க வேண்டியது கயல் இல்லை, ஆடுகிறவர். சென்சிங் பகுதியில் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஆஸ்க் பிளாக் இருக்கிறது. ஆடுகிறவர் தன் கையாலேயே எண்ணை டைப் செய்யட்டும். ஒரு பட்டனை அழுத்தினால் கயலே சொல்லிவிடுகிறாள் என்று வைத்தால் இந்தக் கேமின் உயிரே போய்விடும். கேள்வியிலேயே ‘கமா இல்லாமல் எண் மட்டும்’ என்று சேர்த்துவிடுங்கள். 32,000 என்று அடித்தால் ஸ்க்ராட்ச் அதை வேறு பதிலாக எடுத்துக்கொள்ளும்.

படி 4: இரண்டு தொடக்கங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஸ்க்ராட்சில் ஒரு வேரியபிளின் மதிப்பு நீங்களாக மாற்றும்வரை மாறாது. ஆட்டத்தைத் தொடங்கும் பச்சைக் கொடியை மறுபடி அழுத்தினாலும் பழைய மதிப்பு அப்படியே இருக்கும். ஃபைலைச் சேமித்தால் மதிப்பும் சேர்ந்தே சேமிக்கப்படும். மற்ற கேம்களில் இது தொல்லை, நமக்கு இது வரம். எதையும் மிச்சம் வைக்கத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், அழிக்காமல் விட்டாலே போதும்.

அதனால் இரண்டு தொடக்கங்கள் வேண்டும். முதலாவது பச்சைக் கொடி: இது புது ஆட்டம். இதன்கீழ் பெயர்_தெரியும் என்பதை 0 ஆக்குங்கள், பிறகு ஒரு பிராட்காஸ்ட் பிளாக் வைத்து ‘புதுச்சுற்று’ என்ற செய்தியை அனுப்புங்கள். இரண்டாவது, புதுச்சுற்று என்ற செய்தி வந்தால் ஓடும் தொடர். இதை மேடையில், அதாவது ஸ்டேஜில் வையுங்கள். நிமிடம், நிறுத்தம், நம்பினார் மூன்றையும் 0 ஆக்கி, பேக்டிராப்பை, அதாவது பின்னணிப் படத்தைப் பஸ் நிறுத்தத்துக்கு மாற்றுங்கள். அதன்கீழ் கடிகாரம்: ‘ரிப்பீட் அன்டில்’ பிளாக்கில் ‘நிமிடம் > 59’ என்று நிபந்தனை, உள்ளே 2 விநாடி வெயிட், பிறகு நிறுத்தம் 0 ஆக இருந்தால் நிமிடத்தில் 1 கூட்டு. வளையம் முடிந்ததும் மறுபடி ‘புதுச்சுற்று’ பிராட்காஸ்ட். அவ்வளவுதான், உங்கள் டைம் லூப் ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு சுற்று 2 நிமிடம். முதல் கேமுக்கு இதைவிட நீளம் வேண்டாம்.

நிறுத்தம் எதற்கு? யாராவது பேசும்போது ஆடுகிறவர் படித்து முடிப்பதற்குள் மணி ஓடக்கூடாது. ஒவ்வொரு உரையாடலும் தொடங்கும்போது அதை 1 ஆக்கி, முடிந்ததும் 0 ஆக்குங்கள். மெதுவாகத் தமிழ் படிக்கும் குழந்தைகளும் உங்கள் கேமை ஆடுவார்கள்.

படி 5: ஆட்களுக்கு நேர அட்டவணை

ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும், அதாவது மேடையில் வரும் ஒவ்வோர் ஆளுக்கும் ‘புதுச்சுற்று வந்தால்’ என்று தொடங்கும் ஒரு தொடர். மீன் அக்காவுக்கு: மறை, நிமிடம் > 9 ஆகும்வரை காத்திரு, தோன்று, நிமிடம் > 25 ஆகும்வரை காத்திரு, மறை. இதற்கு ‘வெயிட் அன்டில்’ பிளாக். சுற்று நடுவில் முடிந்தாலும் கவலையில்லை. அதே செய்தி மறுபடி வந்தால் ஸ்க்ராட்ச் அந்தத் தொடரை முதலிலிருந்து ஓட்டும்.

சின்னசாமிக்கு: பரிசலைத் துறைக்குத் திரும்பக் கொண்டுவந்து தோன்று, நிமிடம் > 37 ஆகும்வரை காத்திரு, நம்பினார் 1 என்றால் ‘முடிவு’ என்று பிராட்காஸ்ட், இல்லையென்றால் நிமிடம் > 39 ஆகும்வரை காத்திருந்து, பரிசலை மெல்ல நகர்த்தி மறை. முத்து கூட்டத்தில் கலந்திருக்கிறான், 40 வரை கண்ணில் படவே வேண்டாம். மைக்குக்கும் ஒரு ஸ்பிரைட்: நிமிடம் 44-ஐத் தாண்டும்வரை காத்திருந்து அறிவிப்பைச் சொல்லட்டும்.

நிமிடத்தைப் பார்க்கும் எல்லா இடத்திலும் நான் ‘சமம்’ பிளாக்கை விட்டுவிட்டு ‘>’ போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? அடுத்த படியில் நேரத்தைத் தாவவிடப்போகிறோம். 36-லிருந்து 41-க்குத் தாவினால் ‘நிமிடம் = 38’ என்பது வராமலே போய்விடும், சின்னசாமி ஆண்டு முழுக்கக் காத்துக்கொண்டே நிற்பார்.

படி 6: நடையும் காத்திருப்பும்

பஸ் நிறுத்தமும் முடிவுக் காட்சியும் தவிர மூன்று பேக்டிராப் போதும்: கடைத்தெரு, தொங்கு பாலம், சின்னாறு பரிசல் துறை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக அம்புக்குறியை அழுத்தினால் நிமிடத்தில் 3 கூடட்டும். நடைக்கு விலை வைத்தால்தான் எங்கே முதலில் போவது என்ற கேள்விக்கு அர்த்தம் வரும். எந்த ஆள் எந்த பேக்டிராப்பில் தெரிய வேண்டும் என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடைத்தெருவில் ஒரு பெஞ்ச் போடுங்கள். அதைத் தொட்டால் 5 நிமிடம் தாவும். நான்காவது சுற்றில் 11.10-க்காகச் சும்மா காத்திருப்பதைப்போல ஆடுகிறவரை விரட்டும் விஷயம் வேறில்லை. மஜோராவிலும் நேரத்தைத் தாவவைக்கத் தனிப் பாட்டு உண்டு. மறுபடி மறுபடி ஆட வைக்கும் கேமில், ஏற்கெனவே பார்த்ததைச் சீக்கிரம் கடக்க வழி விடுவது நம் கடமை. மீன் அக்காவுக்கும் இதே விதி: முதல்முறை அவர் சொல்லி முடித்ததும் பெயர்_தெரியும் 1 ஆகட்டும், அதற்குப் பிறகு அது 1 ஆக இருந்தால், “சின்னசாமி அண்ணன்தான, துறையிலதான் இருப்பாரு” என்று ஒரே வரியில் முடியட்டும்.

படி 7: சின்னசாமியுடன் பேச்சு

சின்னசாமியைத் தொட்டால் நிறுத்தம் 1. பெயர்_தெரியும் 0 என்றால், “பரிசல் ஏறணும்னா முதல்ல டிக்கெட் எடும்மா” என்பதோடு சரி. 1 என்றால் எத்தனை கன அடி என்ற கேள்வி. பதில் 32000, நிமிடம் 38-க்குக் கீழே, இரண்டும் பொருந்தினால் நம்பினார் 1. எண் சரியாக இருந்து நேரம் தாண்டியிருந்தால், “மச்சானும் இப்பதான் போன்ல அதையே சொன்னான், உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்க்கட்டும். அடுத்த சுற்றில் எங்கே, எப்போது ஓட வேண்டும் என்று ஆடுகிறவருக்கு அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். தப்பான எண்ணுக்கும் தனிப் பதில் எழுதுங்கள்: “அவ்ளோ தண்ணி வந்தா இந்தப் பாறையே தெரியாதே பாப்பா.” கடைசியில் நிறுத்தத்தை மறக்காமல் 0 ஆக்குங்கள்.

‘முடிவு’ செய்தி வந்ததும் நிறுத்தத்தை 1 ஆக்கி, முடிவுக் காட்சிக்கு மாற்றுங்கள். கடிகாரம் அங்கேயே நிற்கும்.

படி 8: சோதித்துப் பகிர்வது

கடிகாரத்தில் இருக்கும் 2 விநாடியைச் சோதிக்கும்போது மட்டும் 0.2 ஆக்கினால் ஒரு சுற்று 12 விநாடியில் முடியும், நேரம் மிச்சம். சரிபார்த்ததும் பழையபடி மாற்றுங்கள்.

பிறகு கதை தெரியாத ஒருவரை ஆடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். மைக்கில் சொன்ன எண்ணை அவர் கவனிக்காமலே இரண்டு மூன்று சுற்று போனால், அறிவிப்பு இன்னும் சத்தமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். எண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டலாம், அல்லது கரையில் நிற்கும் ஒருவர் “முப்பத்திரெண்டாயிரமா!” என்று வாய்பிளக்கலாம். எண் கண்ணில் பட்ட பிறகும் அதை எங்கே பயன்படுத்துவது என்று அவர் திணறினால் உதவ வேண்டாம். அந்தத் திணறலுக்காகத்தான் ஆடுகிறார்.

ஸ்க்ராட்ச் தளத்தில் கணக்கு தொடங்கி, இமெயிலை உறுதி செய்தால் ஷேர் பட்டன் கிடைக்கும். கணக்கு வேண்டாம் என்றால் கம்ப்யூட்டரில் சேமித்து, அந்த எஸ்.பி.3 (.sb3) ஃபைலை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பலாம். வாங்கியவர் ஸ்க்ராட்சைத் திறந்து ஃபைல் மெனுவில் லோட் செய்து பச்சைக் கொடியை அழுத்த வேண்டும்.