மூன்று நிமிடக் கவிதையை மேடையில் சொல்வது எப்படி?

யாரும் பெயர் கொடுத்து ஏறக்கூடிய ஓபன் மைக் மேடைகளில் புதிதாகக் கவிதை சொல்பவர்களுக்கு ஒரு பொதுவான சிக்கல் உண்டு. கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஒவ்வொரு வரியிலும் முன்பாதிதான் கேட்கும். தமிழில் மோனையும் எதுகையும் அடியின் தொடக்கத்தில் நிற்பதால் குரல் அங்கே தானாக அழுத்தம் பெறுகிறது. வினைச்சொல்லோ கடைசியில் வருகிறது, மூச்சு தீர்வதும் அங்கேதான். ஆள் வந்தாரா, வரவில்லையா என்று தெரிய வேண்டிய இடத்தில் குரல் அமுங்கிவிட்டால் மிச்சத்தை எவ்வளவு அழகாகச் சொல்லியும் பயனில்லை. கீழே உள்ள படிகளில் பாதி, அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான்.

படி 1: நேரத்துக்கு ஏற்ப வெட்டுங்கள்

1980களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் தொடங்கிவைத்த பொயட்ரி ஸ்லாம் போட்டிகளில் (மேடையில் கவிதை சொல்லி மதிப்பெண் பெறும் போட்டிகள்), வழக்கமான விதிப்படி ஒருவருக்கு 3 நிமிடம். கூடுதலாக 10 விநாடி விட்டுக்கொடுப்பார்கள். அதையும் தாண்டினால் மதிப்பெண் குறையும். வேடம், இசைக்கருவி, கையில் பொருள் எதற்கும் இடமில்லை. நம் ஊர் மேடைகளில் விதி இடத்துக்கு இடம் மாறும், பெயர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

3 நிமிடத்துக்கு 220 முதல் 250 சொல் போதும். நிமிடத்துக்கு 150 சொல் என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. நம் சொற்கள் நீளமானவை. வீட்டில் சொல்லிப் பார்க்கும்போது 2 நிமிடம் 40 விநாடியில் முடிய வேண்டும். மீதி 20 விநாடியைச் சிரிப்பும் கைதட்டலும் எடுத்துக்கொள்ளும்.

படி 2: வாய்க்கு வராததை மாற்றுங்கள்

உரக்கப் படியுங்கள். ஒரே இடத்தில் மூன்று முறை நாக்கு தடுக்கினால் அந்த வரியைத் திருத்திவிடுங்கள், பயிற்சியால் சரியாகும் என்று விடாதீர்கள். புணர்ச்சியைப் பிரித்தாலே பல வரிகள் சரியாகிவிடும். 'கண்களிலிருந்தொழுகும்' என்பது தாளில் ஓடும், காதில் குழம்பும். 'கண்ணிலிருந்து ஒழுகும்' என்றால் போதும். பதற்றத்தில் ழகரம் ளகரமாகச் சரியும். ழகரம் வரும் சொற்களை மட்டும் தனியாக எழுதிவைத்து மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள். ஆனால் மேடையில் நாக்கை வேண்டுமென்றே வளைத்துக் காட்டினால் செயற்கையாகத் தெரியும்.

படி 3: தாளில் குறி போடுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். கவிதையை இரண்டு வரி இடைவெளிவிட்டுக் கையால் எழுதி, மூன்றே குறிகளைப் பயன்படுத்துங்கள். ஒற்றைக் கோடு என்றால் சின்ன நிறுத்தம், மூச்சு எடுக்கக் கூடாது. இரட்டைக் கோடு என்றால் மூச்சு. அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. ஒரு மாதிரி:

மூன்றாம் நம்பர் பஸ் வந்தது / அம்மா <u>வரவில்லை</u> //
மூட்டையை இறக்கிய கண்டக்டர் / என் முகத்தைப் <u>பார்க்கவில்லை</u> //

இரண்டு வரியிலும் 'மூ' என்ற மோனை குரலை முன்னால் இழுக்கும். அந்த இழுப்புக்கு விட்டுக்கொடுத்தால் 'அம்மா வர...' என்று முடிந்துவிடும். அதனால் முதல் சொல்லைச் சாதாரணமாக விட்டுவிடுங்கள், மோனை தானே கேட்கும். வினைச்சொல்லுக்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள். கடைசிச் சொல்லில் சத்தத்தைக் கூட்ட வேண்டாம், சுருதி இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். 'வரவில்லை'யில் 'வில்' என்ற அசைக்கு உரிய நேரம் கொடுத்தீர்களா என்று கவனியுங்கள். பெரும்பாலும் விழுங்கப்படுவது அதுதான்.

ஒரே வினை முடிவு தொடர்ந்து வந்தால் ராகம் தொற்றிக்கொள்ளும். மூன்றாவது வரியிலும் '-வில்லை' வந்தால் அங்கே நிறுத்தத்தின் இடத்தை மாற்றுங்கள்.

கவியரங்கப் பாணியில் வரியை இருமுறை சொல்லலாமா? கவியரங்கத்தில் நேரம் உண்டு, கூட்டமும் அதற்காகக் காத்திருக்கும். மூன்று நிமிட மேடையில் ஒரு வரிக்கு மேல் திருப்பிச் சொல்லாமல் இருப்பது நல்லது. எல்லா வரியையும் திருப்பினால் எந்த வரியும் முக்கியமாகத் தெரியாது.

படி 4: மூச்சு

தோள் உயராமல் வயிறு விரியும்படி இழுத்து, 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக 20 விநாடி விடுங்கள். ஐந்து முறை. நடுவில் சத்தம் ஏறி இறங்கினால் தொடக்கத்திலேயே அதிகம் செலவழிக்கிறீர்கள் என்று பொருள். மேடையிலும் அதேதான் நடக்கும்.

படி 5: கடைசியிலிருந்து மனப்பாடம் செய்யுங்கள்

முதல் வரியிலிருந்து தொடங்கினால் தொடக்கம் உறுதியாகவும் முடிவு ஆட்டமாகவும் இருக்கும். கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள், பிறகு அதற்கு முந்தையதையும் சேர்த்து, இப்படியே மேலே வாருங்கள். சொல்லச் சொல்ல நன்றாகத் தெரிந்த பகுதிக்குப் போய்ச் சேருவீர்கள், பதற்றமும் குறையும்.

நடுவில் மறந்துவிட்டால் மன்னிப்புக் கேட்காதீர்கள். மூச்செடுத்து அடுத்த பத்தியின் முதல் வரிக்குப் போங்கள். விட்டுப்போனது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

படி 6: மைக்

வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் அகலம். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டால் 'பஸ்', 'பார்' போன்ற சொற்களில் காற்று மோதி 'டப்' என்று வெடிக்காது. வாயோடு ஒட்டிப் பிடித்தால் குரலில் கனம் ஏறி மெய்யெழுத்துகள் மங்கும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்தினால் ஊளைச் சத்தம் வரும். ஸ்டாண்டின் உயரத்தை முதல் வரிக்கு முன்பே சரிசெய்யுங்கள், பேசிக்கொண்டே திருகாதீர்கள். உரக்கச் சொல்லும் வரியில் தலையை ஒரு சாண் பின்னால் எடுக்கலாம். மெல்லச் சொல்லும் வரியில் முன்னால் வர மறந்துவிடுகிறார்கள், அதுதான் பெரிய இழப்பு.

கையை என்ன செய்வது? ஒன்றும் வேண்டாம். வரிக்கு வரி அபிநயம் பிடித்தால் பள்ளி ஆண்டுவிழாப் போட்டிபோல் ஆகிவிடும். பார்வையை மட்டும் அரங்கின் மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வையுங்கள்.

படி 7: சோதனை

ஃபேனை ஓடவிட்டு, போனைப் பத்தடி தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். கவிதையைப் படித்திராத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத வரிகளில் நிறுத்தக் கோட்டை ஒரு சொல் முன்னால் நகர்த்தி மறுபடி பதிவு செய்யுங்கள்.

கடைசி வரி முடிந்ததும் மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டுப் பிறகு 'நன்றி' சொல்லுங்கள். 'பார்க்கவில்லைநன்றி' என்று ஒட்டிப் போவது எல்லா ஓபன் மைக்கிலும் நடக்கிறது.