பழைய மகிந்திரா ஜீப்: வீட்டிலேயே பிரேக் வேலை பார்ப்பது எப்படி?

பழைய ஜீப் ஒன்றைக் கை மாற்றி வாங்குகிறவர்கள் முதலில் டயர் மாற்றுவார்கள், அப்புறம் பெயிண்ட், அப்புறம் சீட். பிரேக்கைக் கடைசியில்தான் யோசிப்பார்கள். நான் நேர் எதிர்க் கட்சி. எஞ்சின் மக்கர் பண்ணினால் வண்டி ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். பிரேக் மக்கர் பண்ணினால் அது நிற்காது. அதனால் புதிதாகப் பானா பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான்.

இங்கே சொல்லப்போவது வில்லிஸ் சிஜே-3பி வழிவந்த மகிந்திரா ஜீப்புகளுக்கு. அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுபோன மாடல் அது. மகிந்திரா அதற்குப் பிறகும் நெடுங்காலம் இங்கே தயாரித்தது. போடி, சூரியநெல்லி, கொழுக்குமலைப் பக்கம் போனவர்களுக்கு இந்த வகை ஜீப்பைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அந்தக் காலத்து அமைப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்சுவரில் ‘ஷூ’ என்னும் வளைந்த துண்டுகள் அழுந்தி நிறுத்தும்), அத்தனைக்கும் ஒரே பிரேக் லைன். ஓட்டுநரின் காலுக்குக் கீழே, சேஸிஸில் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும்; பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான். ஏதாவது ஒரு சக்கரத்தில் ஆயில் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். பிந்தைய வண்டிகளில் இரண்டு அறையுள்ள மாஸ்டர் சிலிண்டரோ, பெடலின் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டரோ இருக்கலாம். முதலில் உங்கள் வண்டியில் எது என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன்: பெடல் என்ன சொல்கிறது?

வண்டியை நிறுத்திவைத்து பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. இரண்டு மூன்று முறை பம்ப் அடித்த பிறகு மேலே வந்து கெட்டியாக நின்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லையா? ஷூவின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கும், அல்லது அது வழவழத்துப் போயிருக்கும். பிரேக் போடும்போது வண்டி வலப்பக்கம் இழுத்தால் பெரும்பாலும் கோளாறு இடப்பக்கம், அங்கே பிடிக்கவில்லை என்று பொருள்.

படி 1: வண்டியைத் தூக்குவது

இதை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். இந்த ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை; முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை அது போதும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிய உடனே, ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளலாம். இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறாகச் சுழல விடும் டிஃபரன்ஷியலின் வேலையே அதுதானே. ஹேண்ட் பிரேக்கை நம்பி ஜாக்கி போட்டால் வண்டி நகர்ந்து ஜாக்கி சாயும்.

அதனால் சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கியால் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து அதன்மேல் இறக்குங்கள். செங்கல் அடுக்கி வைக்கிற வேலை வேண்டாம், சுமை ஏறினால் சொல்லாமல் உடையும்.

இன்னொன்று. பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட் இடது மரையாக இருக்கலாம். நட் ஏறும் போல்ட்டான ஸ்டட்டின் நுனியில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வழக்கத்துக்கு மாறாக, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பித்தான் கழற்ற வேண்டும். இது தெரியாமல் பானாவில் பைப் மாட்டித் தொங்கி ஸ்டட்டை முறித்தவர்கள் நிறைய.

படி 2: டிரம்மைக் கழற்றுவது

டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில், ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு அட்ஜஸ்ட் போல்ட் மேல்பாதியில் இருக்கும். அதைத் தளர்த்தினால் ஷூ உள்ளே ஒதுங்கும். பிறகு டிரம்மைப் பிடித்திருக்கும் சிறு ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் டிரம் வந்துவிடும். சில வண்டிகளில் டிரம்மும் ஹப்பும் ஸ்டட்டால் இறுகிச் சேர்ந்திருக்கும். அப்படியென்றால் பின்சக்கரத்துக்கு ஹப் புல்லர் வேண்டும். ஆக்ஸில் நுனியில் சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்க்காதீர்கள், மரையும் பேரிங்கும் கெடும். முதல் முறை அந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஊதாதீர்கள், ஏர் பிடிக்கவும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தனியாகப் போடுங்கள்.

படி 3: உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

முதலில் செல்போனில் ஒரு படம். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்று அரை மணி நேரம் கழித்து நினைவிருக்காது.

மேலே இருப்பது, ஷூக்களை டிரம்மை நோக்கித் தள்ளும் வீல் சிலிண்டர். அதன் இரு முனை ரப்பர் மூடியையும் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கப் போய்விட்டது. டிரம்முக்குள் ஈரம் இருந்தாலே அது பிரேக் ஆயில் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மெலிதாக, தண்ணீர் விட்டால் கழுவிப் போகிறதென்றால் பிரேக் ஆயில். கெட்டியாக, நெடி அடித்தால் ஆக்ஸில் சீல் வழியாக வந்த கியர் ஆயில். இரண்டாவது என்றால் சீல் மாற்றாமல் எத்தனை ஷூ மாற்றினாலும் வீண்.

ஆயில் குடித்த லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ. கூட மிச்சமில்லை என்றாலும் மாற்ற வேண்டியதுதான். ஒரு பக்கம் மாற்றினால் அதே ஆக்ஸிலின் மறுபக்கமும் மாற்றுங்கள். டிரம்மில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

படி 4: வீல் சிலிண்டர் கிட்

சிலிண்டரைப் பிரித்து உள்சுவரைத் துடைத்துப் பாருங்கள். லேசான கறை என்றால் மெல்லிய உப்புத்தாளில் பிரேக் ஆயில் தொட்டுச் சுற்றுவாக்கில் தேய்க்கலாம். துருக்குழி இருந்தால் தேய்க்காதீர்கள், முழுச் சிலிண்டரையும் மாற்றுங்கள். குழியில் உரசிப் புதுக் கப்பும் சீக்கிரம் கிழியும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சிலிண்டர் அளவு வேறாக இருக்கும், எனவே கடைக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கப்புகளைப் பிரேக் ஆயிலில் நனைத்துப் போடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் ரப்பரில் படக்கூடாது, உப்பிவிடும்.

படி 5: பெடல் சும்மா போகும் தூரமும் ஷூ அட்ஜஸ்ட்டும்

மாட்டிய பிறகு, அட்ஜஸ்ட் போல்ட்டைத் திருப்பி ஷூ டிரம்மில் பிடிக்கும்வரை கொண்டுபோய், சக்கரம் தடையின்றிச் சுற்றும்வரை சிறிது தளர்த்துங்கள். ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனியாக. கீழே இருக்கும் ஆங்கர் பின்களைத் தொடாதீர்கள்.

பெடலில் ஏறத்தாழ அரை அங்குலம் சும்மா போகும் தூரம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடேறி விரியும், திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

படி 6: ஏர் எடுப்பது

மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் புட்டியில் குறிப்பிட்டிருக்கும் பிரேக் ஆயில் வகை, டாட் 3 அல்லது டாட் 4, எதுவானாலும் புது டப்பா. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3-இன் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள்: நம்மூர் வண்டியில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் ஒரு குழாய் மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். துணைக்கு இருப்பவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இப்படியே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எப்போது காலை எடுப்பது என்பதை முன்கூட்டியே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள், வீட்டுச் சண்டைகள் பல இங்கேதான் தொடங்குகின்றன. இடையிடையே மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் பாதிக்குக் கீழே போகாமல் ஊற்றுங்கள், காலியானால் மறுபடி முதலிலிருந்துதான். பெயிண்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

படி 7: சோதனை

எஞ்சினை ஆன் செய்யும் முன், பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, இன்னொருவரை ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஆளில்லாத சமதளத்தில், நடக்கும் வேகத்தில் நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். சிறிது தூரம் ஓட்டியதும் இறங்கி டிரம்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதன் ஷூ இறுக்கம், தளர்த்த வேண்டும். 50 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டை மறுபடி இறுக்கி, ஆயில் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மலைப்பாதை அதற்கு அப்புறம்.