சவரன் காசு எங்கே அடித்தது? எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பிரிட்டிஷ் தங்கக் காசான சவரன் கையில் வந்ததும் பலரும் தராசைத் தேடுவார்கள். அதற்கு முன் காசைப் படியுங்கள். ஆண்டு, தலை (ராணி அல்லது மன்னரின் உருவம்), நாணயச்சாலை எழுத்து (காசு அடித்த இடத்தைக் காட்டும் ஆங்கில எழுத்து) மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எடை பார்க்கும் வேலையே மிச்சம்.

தேவையானவை: பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் காட்டும் தராசு, வெர்னியர் காலிப்பர், ஒரு டம்ளர் தண்ணீர், மெல்லிய நூல். உரைகல் வேண்டாம். உரசிய காசுக்குச் சேகரிப்பாளர் நல்ல விலை தரமாட்டார்.

படி 1: விளிம்பு

22 காரட் தகட்டில் வெட்டிய வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிப்பார்கள். வில்லையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதன் உட்புறப் பற்கள் அதே அடியில் விளிம்புக் கோடுகளைப் பதித்துவிடும். அதனால் கோடுகள் சுற்றிலும் ஒரே சீராக வரும். வார்த்தெடுத்த போலியில் அவை மழுங்கியிருக்கும். முகத்தில் ஊசிமுனைக் குழிகளும் தெரியும்.

படி 2: எழுத்து இருக்கும் இடம்

இடம் காலத்துக்குக் காலம் மாறும். தடுமாற்றமே இங்கேதான்.

பின்பக்கம் கேடயம் போட்ட விக்டோரியா காசில் எழுத்து, கேடயத்தைச் சுற்றிய இலைமாலைக்குக் கீழே. 1871 முதல் 1887 வரை வந்த, ஒரு பக்கம் இளம் விக்டோரியாவும் மறுபக்கம் குதிரை வீரரும் உள்ள காசில் ராணியின் கழுத்துக்குக் கீழே. 1887 ஜூபிலி தலை (ராணியின் ஆட்சிப் பொன்விழாவுக்கு வந்த உருவம்) தொடங்கி, குதிரைப் பக்கத்தில் ஆண்டுக்கு மேலே, குதிரைக்கு அடியில் உள்ள தரைக்கோட்டின் நடுவில். பழக்கமில்லாத கண்ணுக்கு அது ஒரு கீறல் போலத்தான் படும். காசைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

1863–1874 லண்டன் கேடயக் காசுகளில் மாலைக்குக் கீழே ஒரு சிறு எண் இருக்கலாம். அது அச்சின் எண், நாணயச்சாலைக் குறி அல்ல.

படி 3: எழுத்தும் ஆண்டும்

எஸ் என்றால் சிட்னி (1871–1926), எம் மெல்போர்ன் (1872–1931), பி பெர்த் (1899–1931), சி ஒட்டாவா (1908–1919), எஸ்ஏ பிரிட்டோரியா (1923–1932). ஐ என்றால் இந்தியா: பம்பாயில் 1918 மட்டும், பிறகு 2013இல் இந்தியாவின் எம்எம்டிசி-பாம்ப் நிறுவனம் அடித்தவற்றில் மறுபடி வந்தது. எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் லண்டன்.

இதை 1918 காசில் பழகுங்கள். அந்த ஆண்டுக் காசு பம்பாய், சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா என ஐந்து இடங்களில் அடிக்கப்பட்டது. லண்டனில் 1918 முதல் 1924 வரை ஆண்டிட்ட சவரனே கிடையாது. எழுத்தில்லாத 1918 காசை யாராவது நீட்டினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். விக்டோரியா தலையுடன் எஸ்ஏ இருந்தாலும் அதே கதிதான்.

படி 4: அளவு

எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் 1.52 மில்லிமீட்டர். தேய்ந்த காசு 7.94 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் சந்தேகப்படுங்கள். நகைக்கடைக் கணக்கில் ஒரு சவரன் 8 கிராம். காசில் உள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம்தான். காசு மாலையிலிருந்து கழற்றிய காசில் பற்றவைப்பு ஒட்டியிருந்து எடையைக் கூட்டும். விளிம்பில் அந்தத் தடத்தைத் தேடுங்கள்.

படி 5: தண்ணீர்ச் சோதனை

டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தட்டாமல் முழுக்க மூழ்க விடுங்கள். 0.45 கிராம் அளவில் காட்ட வேண்டும். குமிழி ஒட்டினால் எண் ஏறும், அடியைத் தொட்டால் எகிறும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் குமிழி நிற்காது.

சரியான தங்கத்திலேயே அடித்த போலிகளும் உண்டு. அவை இந்தச் சோதனைகளில் தேறிவிடும். அப்போது மறுபடி லென்ஸ்தான். அச்சில் வெட்டிய எழுத்து, தரைக்கோட்டோடு ஒரே உலோகமாக எழும்பி நிற்கும். பின்னால் ஒட்டியதென்றால் அதன் அடியில் நிறம் மாறும், அல்லது சுற்றிலும் உளிக் கீறல் தெரியும். பம்பாய் ஐ எழுத்துக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.