கோபத்தை ஜெபத்தில் சொல்லிப் பழகுங்கள், சாயங்காலத்தில் தொடங்கி

"ஆண்டவரே, என் கோபத்தை எடுத்துப்போடும்." பல வருஷம் நான் ஜெபித்தது இந்த ஒரு வரிதான். காலையில் இதைச் சொல்வேன், கொஞ்ச நேரத்தில் வீட்டில் யாரிடமாவது கத்துவேன், ராத்திரி மனசு குத்தும், மறுநாள் மறுபடியும் அதே வரி. ஆண்டவர் கேட்கவில்லை என்றே நினைத்தேன். ஆனால் யார் மேல் கோபம், எதற்காக, உள்ளே எது வலித்தது என்று அவரிடம் ஒருநாளும் நான் சொன்னதே இல்லை.

ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் காயீனிடம், "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" என்று கேட்கிறார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். காயீன் பதில் சொன்னதாக வேதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த வசனத்தில் அவன் தன் தம்பி ஆபேலோடு பேசுகிறான், வயல்வெளியில் கொலை நடந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்வதுதான் கோபக்காரருக்கான ஜெபம் என்று நான் நம்புகிறேன்.

எப்போது ஜெபிப்பது? "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்கிறது 55-ஆம் சங்கீதம். கூட இருந்த தோழனே துரோகம் செய்துவிட்ட கொதிப்பில் பாடிய சங்கீதம் இது, எதிரிகளை மரணம் பிடிக்கட்டும் என்றுகூட அதில் சங்கீதக்காரர் கேட்கிறார். "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்று வாக்குத்தத்த அட்டைகளில் நாம் பார்க்கும் வசனம் இதே சங்கீதத்தின் 22-ஆம் வசனம்தான், அவ்வளவு கோபத்தையும் கொட்டித் தீர்த்த பிறகு வருகிறது. அதனால் ஜெபத்தில் நல்லவராக நடிக்க வேண்டாம். எரிச்சலை எரிச்சலாகவே சொல்லுங்கள்.

நீங்களும் அந்தியிலிருந்தே தொடங்குங்கள். சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது, பலரும் இதைத் தூங்கப் போகும்போதுதான் நினைக்கிறோம், அப்போது உடம்பும் களைத்திருக்கும், ஜெபமும் பாதியில் நின்றுவிடும். அதற்கு முன்னதாகவே, இருட்டும் நேரத்தில் ஒரு பத்து நிமிஷம் தனியாக உட்காருங்கள், போன் பக்கத்தில் வேண்டாம். அன்றைக்குக் கோபம் வந்த ஒரு நிகழ்வை மட்டும் எடுத்து ஆண்டவரிடம் நடந்தபடியே சொல்லுங்கள்: "பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நான் கத்திவிட்டேன், என்னை மதிக்கவில்லை என்று வலித்தது." அந்தக் கடைசித் துண்டு முக்கியம். பெரும்பாலும் கோபத்துக்கு அடியில் பயமோ அவமானமோ வெறும் களைப்போ இருக்கும், அதைச் சொன்ன பிறகுதான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், எதற்கு ஆறுதல் கேட்க வேண்டும் என்பது பிரிந்து தெரியும். எல்லாக் கோபமும் பாவமில்லை, மாற்கு 3:5-இல் இயேசுவே கோபத்துடன் சுற்றிலும் பார்க்கிறார். நம்முடையது எந்த வகை என்று நாமே தீர்ப்பு எழுதாமல் அவரிடம் கேட்டுவிடலாம்.

அப்புறம், கோபப்பட்ட அந்த நபரின் பெயரைச் சொல்லி அவருக்காக ஜெபியுங்கள். "அவரைத் திருத்தும்" என்று வேண்டாம், அது கோபத்தையே ஜெபமாக மாற்றிச் சொல்வது. அவர் உடல்நலம், வேலை, அவருக்கு இருக்கும் கவலை என்று எதையாவது எடுத்துக் கேளுங்கள். முதல் சில நாள் மனசு வராது, பரவாயில்லை, வராமலே சொல்லுங்கள்.

காலை ஜெபம் சின்னதாக இருந்தால் போதும். இன்று எங்கே, யாரிடம் தடுமாறுவேன் என்று நமக்கே தெரியும், அந்த இடத்தைச் சொல்லி, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற சங்கீதம் 141:3-ஐ ஜெபியுங்கள். மத்தியானம் ஜெபிக்க ஒரு நிமிஷம் போதும்.

கோபம் ஏறுகிற அந்த நொடியில் நீண்ட ஜெபம் முடியாது. ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவே, அரண்மனையில் வேலை பார்த்த நெகேமியா ஜெபித்தாரே (நெகேமியா 2:4), அவ்வளவுதான் இடம் கிடைக்கும். "இயேசுவே, உதவி செய்யும்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு வாயைத் திறவுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோபத்தில் கை நீளுகிறது என்றால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள், இன்றே அந்த இடத்தைவிட்டு விலகி, போதகரிடமும் மனநல ஆலோசகரிடமும் போய்ச் சொல்லுங்கள். அடி வாங்குகிறவர் நீங்களாக இருந்தால், பொறுத்துக்கொண்டு ஜெபியுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

கடைசியாக, ஜெபித்தாயிற்று என்று எழுந்து போய்விடாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24-இல் ஆண்டவர் சொல்கிறார். "நான் கத்தியது தப்பு, மன்னிச்சிடு" என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள், "ஆனா நீயும்..." என்று தொடங்கினால் மறுபடி சண்டைதான். குழந்தையாக இருந்தாலும் கேளுங்கள். அவர்கள் உடனே மன்னிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதையும் அடுத்த நாள் சாயங்காலம் ஆண்டவரிடம் சொல்லலாம்.