விசென்டர் போடுமுன் டிஎன்எஸ்: ரிவர்ஸ் பதிவை மறக்காதீர்கள்

மெய்நிகர் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விஎம்வேர் விசென்டரின் நிறுவல் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் அப்ளையன்ஸ் (விசென்டர் அடங்கிய ஆயத்த மெய்நிகர் கணினி) இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டில், அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வரில், ஏறும். அடுத்து அதன் சர்வீஸ்கள் எழும். பெயருக்கு ஐபி முகவரியையும் ஐபிக்குப் பெயரையும் சொல்லும் டிஎன்எஸ் தப்பாக இருந்தாலும் முதல் கட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாவதில்தான் ‘ஃபர்ஸ்ட்பூட்’ பிழை காட்டி நிற்கும். அப்படி நின்றதை ஒட்டுப்போடப் பார்க்காதீர்கள். அழித்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள். முதல் கட்டம் முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், அந்த இடத்துக்கே திரும்பி வரலாம்.

விசென்டரின் பெயரை டொமைனோடு முழுதாக முடிவு செய்யுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், ஹைஃபன் போதும், அண்டர்ஸ்கோர் கூடாது. ‘லோக்கல்’ என்று முடியும் டொமைன், டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே உள் நெட்வொர்க்கில் பெயர் தேடும் எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது, அதைத் தவிருங்கள். நீங்கள் தரும் பெயர்தான் சான்றிதழிலும் பதியும். விசென்டர் 6.7 அப்டேட் 3 முதல் அப்ளையன்ஸின் நிர்வாகப் பக்கத்தில் (5480 போர்ட்) பெயரை மாற்றலாம் என்றாலும், பிளகின்களை எல்லாம் மறுபடி பதிய வேண்டிவரும்.

ஐபி 192.168.10.20 என்று வைத்துக்கொள்வோம். பெயரிலிருந்து ஐபிக்கு ஏ ரெக்கார்டு, ஐபியிலிருந்து பெயருக்கு பிடிஆர் ரெக்கார்டு, இரண்டும் வேண்டும். அதிகம் விட்டுப்போவது பிடிஆர்தான். விண்டோஸ் டிஎன்எஸ்ஸில் ஏ ரெக்கார்டு சேர்க்கும்போதே பிடிஆரையும் உருவாக்கச் சொல்லும் டிக் பெட்டி உண்டு. ஆனால் ரிவர்ஸ் ஸோன் (பிடிஆர் ரெக்கார்டுகள் இருக்கும் பகுதி) முன்பே இல்லாவிட்டால் ஏ மட்டும் பதிவாகும், பிடிஆர் உருவாகாது; எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுத்துவிடுவோம். அதனால் முதலில் 10.168.192 என்று தலைகீழாகத் தொடங்கும் ஸோனை உருவாக்குங்கள்.

பிறகு இன்ஸ்டாலர் ஓடும் லேப்டாப்பிலும் ஹோஸ்டிலும் டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் ‘என்எஸ்லுக்அப்’ கட்டளையைப் போட்டுப் பாருங்கள்: ஒருமுறை பெயரைக் கொடுத்து, ஒருமுறை ஐபியைக் கொடுத்து. முன்பு ‘இல்லை’ என்று வந்த பதில் கேஷில் தங்கியிருக்கும், அதையும் துடைத்துவிடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போடவே கூடாது. உள் பெயர் அதற்குத் தெரியாது. கேள்வி அங்கே போனால் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிடும்.

லேபில் டிஎன்எஸ் சர்வரே இல்லையா? ஒரு லினக்ஸ் கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் மென்பொருள் போதும். அதன் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஐபியும் முழுப் பெயருமாக ஒரே வரி எழுதிவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால், இரண்டு திசைக்கும் அதுவே பதில் சொல்லும். அதுவும் முடியாவிட்டால் இன்ஸ்டாலர் பெயர் கேட்கும் இடத்தில் ஐபியையே கொடுங்கள். இல்லாத பெயரை எழுதுவதைவிட அது மேல்.