பழைய சமையல் கத்தியைச் சரிசெய்கிறேன் என்று கெடுத்துவிடாதீர்கள்

துருப்பிடித்த பழைய கத்தி ஒன்று கையில் கிடைத்தால் அதைப் பளபளவென்று தேய்த்துவிடத்தான் முதலில் தோன்றும். பாதிக் கத்திகள் அங்கேயே கெடுகின்றன. 1913-க்கு முன்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தியே கிடையாது. அதற்குப் பின் வந்தவற்றிலும் பல கார்பன் ஸ்டீல்தான். அது துருவும் பிடிக்கும், நிறமும் மாறும். இரண்டும் ஒன்றல்ல. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் துரு. சாம்பலும் நீலமுமாக வழவழவென்று இருந்தால், வெட்டி வெட்டி ஏறிய படலம். துரு சீக்கிரம் ஏறாமல் அதுதான் ஓரளவு தடுக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

துருவுக்கு வினிகர் நல்லதுதான். ஆனால் நான் ஒருமுறை ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிட்டேன். காலையில் துரு போயிருந்தது, செய்தவர் பெயர் பொறித்த முத்திரையும் பாதி போயிருந்தது. அமிலம் துருவை முடித்துவிட்டு இரும்பையும் தின்னும். அரை மணிக்கொரு தடவை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். போதும் என்றானதும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே ஈரம் போகத் துடையுங்கள். பிடி வினிகரில் படவே கூடாது. முரட்டு உப்புத்தாளும் முத்திரையை அழித்துவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, மின்சாரச் சாணையில் வைப்பது. விளிம்பு மெல்லியது, சில நொடிகளிலேயே கொதித்துவிடும். கார்பன் ஸ்டீலைப் பெரும்பாலும் 150 முதல் 250 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் பதப்படுத்தியிருப்பார்கள். சுமார் 300-ஐத் தொட்டால் விளிம்பில் நீலம் ஓடும். நீலம் ஓடிய இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் நாலு வெட்டுக்குள் கூர் மடங்கிவிடும். அந்தப் பகுதியையே தேய்த்து எடுக்க வேண்டும், கத்தி அந்த அளவுக்குக் குறையும். தண்ணீர் ஊற்றித் தீட்டும் கல் மெதுவான வேலைதான், ஆனால் சூடேறாது. விளிம்பு உடைந்திருந்தால் 400 எண் கல், பிறகு 1000 எண் கல்; எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்க விளிம்பில் பிசிறு, அதாவது மடிந்து எழும் மெல்லிய இரும்பு ஓரம், விரலில் தட்டுப்பட்ட பிறகே திருப்புங்கள். பலர் அதற்கு முன்பே திருப்பிவிட்டு, கல்லைக் குறை சொல்வார்கள்.

மரப்பிடியை ஊறவைத்தால் மரம் உப்பும், ரிவெட் தளரும், உள்ளே போகும் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். காய்ந்த பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவலாம். ஆனால் தடவிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்: அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள்.

சரி, கத்தி தயார். முதல் சில நாள் வெங்காயம் லேசாகக் கறுக்கும், இரும்பு வாடை வரும். படலம் ஏற ஏறக் குறைந்துவிடும். எலுமிச்சை, தக்காளி நறுக்கினால் கையோடு துடைத்துவிடுங்கள். எலும்பும் கண்ணாடிப் பலகையும் வேண்டாம். எடுத்து வைக்கும்போது சமையல் எண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுபிசுக்கும், மினரல் ஆயில் ஒரு சொட்டு போதும். தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எடுத்துப் பார்த்தால் மறுபடி அதே செம்பழுப்புப் பொடி.